அவன் குழுவிலிருந்து வெளியேறினான்

போன வாரம் ஒரு காலையில் எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வரி வந்தது. அவன் பெயர், பக்கத்தில் 'வெளியேறினார்'. அவன் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

இரண்டு மூன்று பேர் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார்கள். யாரோ அவன் போனை எடுத்து நோண்டுகிறார்கள் என்று ஒருவனுக்குச் சந்தேகம். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. 120 நாள் யாரும் தொடாமல் கிடக்கிற கணக்கை வாட்ஸ்அப் பொதுவாக நீக்கிவிடும். நீக்கும்போது, அந்த ஆளே எழுந்து போய்விட்டது போலக் குழுவில் காட்டும். அவன் மனைவி போனை அணைத்து அலமாரிக்குள் வைத்தவர், பிறகு எடுக்கவே இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த 20 வருஷத்தில் எந்தக் கூட்டத்திலிருந்தும் முதலில் கிளம்பாதவன் அவன். எல்லாரும் போன பிறகும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அரை மணி நேரம் பேசுவான். அந்தச் சாம்பல் வரி அவனைப் பற்றி யாரோ கிளப்பிவிட்ட பொய் மாதிரி இருந்தது.

வருகைப் பதிவேட்டில் நான் 23, அவன் 24. ஆசிரியர் 23 என்று கூப்பிடும்போது நான் பெரும்பாலும் மாடிப்படியில் ஓடி வந்துகொண்டிருப்பேன். அவன் என் குரலில் ஒருமுறை, தன் குரலில் ஒருமுறை 'உள்ளேன் ஐயா' சொல்லிவிடுவான். என் குரல் என்று அவன் வைத்திருந்தது ஜலதோஷம் பிடித்தவன் பேசுவது மாதிரி இருக்கும். எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பதாக நான் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. அதிசயமாக ஒருநாள் நான் நேரத்துக்கு வந்துவிட்டேன், அவன் கவனிக்கவில்லை. 23-க்கு இரண்டு பதில்கள் வந்தன. அன்று முழுக்க இரண்டு பேரும் வெளியில் நின்றோம். அதற்கும் அவன் சிரித்துக்கொண்டுதான் நின்றான்.

38 வயது. ஒரு மகள், ஆறு வயது. ஒரு மகன், இரண்டு வயது.

அன்று சாயங்காலம் மேல்வயிற்றில் அழுத்துகிற மாதிரி இருந்திருக்கிறது. தாடையில் வலி, நல்ல வியர்வை. வாயுத்தொல்லை என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்தான் மாரடைப்பு என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தாடை, இடது கை, முதுகு, மேல்வயிறு, இதில் எங்கே வேண்டுமானாலும் வலி வரலாம். ஒருவர் விழுந்து, கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் இல்லாமல் கிடந்தால், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதை நான் அவன் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். மடக்கை அட்டவணை பார்க்கக் கற்றுக்கொண்ட வகுப்பு எங்களுடையது. இதை யாரும் சொல்லித்தரவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் அவன் மனைவியிடம் போய் "ஏன்மா உடனே கூட்டிட்டுப் போகலை?" என்று கேட்க வேண்டாம். ஏற்கெனவே பத்துப் பேர் கேட்டாகிவிட்டது.

சரி, நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றைச் சொல்ல.

அவன் இறந்த அன்று எங்கள் குழுவில் வந்தவற்றில் பாதி கைகூப்பும் படங்கள். அப்புறம் 'ஆர்.ஐ.பி.'. அப்புறம் 'நல்லவர்களை ஆண்டவன் சீக்கிரம் அழைத்துக்கொள்கிறான்'. இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு எப்போதுமே ஒத்துவராது. அப்படியானால் மிச்சம் இருக்கிற நாமெல்லாம் யார்? போகட்டும், அந்த நேரத்தில் யாருக்குத்தான் வார்த்தை வருகிறது? எனக்கும் வரவில்லை. நான் ஒன்றுமே எழுதவில்லை. போன மாதம் அவன் பிறந்தநாளைக் காலையிலேயே முகநூல் நினைவூட்டியது. விஷயம் தெரியாத ஏழு பேர் 'பல்லாண்டு வாழ்க' என்று எழுதியிருந்தார்கள். கணக்கை நினைவுக் கணக்காக மாற்றச் சொல்லி விண்ணப்பித்தால் இந்த அறிவிப்புகள் நின்றுவிடும். 2015-லிருந்து, நமக்குப் பிறகு பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நாமே நியமித்து வைக்கவும் வழி இருக்கிறது. அவர் நம் உரையாடல்களைப் படிக்க முடியாது, அதனால் பயப்பட வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். மகளிடம் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா சாமிகிட்ட போயிருக்கார் என்றார் ஒருவர். "என்கிட்ட சொல்லாம ஏன் போனார்?" என்று அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பா தூங்குறார் என்று இன்னொருவர் சொன்னதுதான் பெரிய வினையாகப் போனது. அன்றிலிருந்து இரவில் அம்மா கண்ணை மூடினால் அவள் உலுக்கி எழுப்ப ஆரம்பித்தாள். கிட்டத்தட்ட இரண்டு வாரம் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் அவன் மனைவியே அவளை மடியில் உட்காரவைத்து நேராகச் சொன்னார்: "அப்பாவோட இதயம் நின்னுபோச்சு. அப்பா செத்துப்போயிட்டார். இனிமே வரமாட்டார்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்திருக்கிறாள்.

"அப்பாவுக்குக் குளிருமா?"

"குளிராது."

"பசிக்குமா?"

"பசிக்காது."

"வலிக்குமா?"

"இல்லம்மா. ஒண்ணும் வலிக்காது."

மறுநாளும் இதே மூன்று கேள்விகள். அதற்கு மறுநாளும். ஆனால் அம்மாவை உலுக்குவது நின்றுவிட்டது. சின்னக் குழந்தைகளிடம் தூக்கம், பயணம் என்று சுற்றி வளைக்காமல் இறப்பு என்றே சொல்லுங்கள் என்றுதான் குழந்தை மனநல நிபுணர்களும் சொல்கிறார்கள். அவன் மனைவி அதைப் படித்துவிட்டுச் செய்யவில்லை. வேறு வழியில்லாமல் செய்தார்.

மகளுக்காவது அப்பா கொஞ்சம் ஞாபகத்தில் நிற்பான். மகனை நினைத்தால்தான் எனக்குத் திக்கென்கிறது. மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் நடந்தது எதுவும் வளர்ந்த பிறகு நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் இருப்பதில்லை. அவனுக்கு வயது இரண்டு. அப்பா தூக்கிப் போட்டுப் பிடித்தது, தோளில் உட்காரவைத்தது, ஒன்றும் தங்காது. அவனுக்குக் கிடைக்கப்போகிற அப்பா, மற்றவர்கள் சொல்லித் தெரிகிற அப்பா மட்டும்தான். மனைவிக்குத் தெரிந்தது அவனுடைய கடைசி எட்டு வருஷம். 12 வயதில், 15 வயதில் அவன் எப்படி இருந்தான் என்பது எங்களிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நாங்கள் கைகூப்பும் படம் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அதனால் குழுவில் ஒரு வேண்டுகோள் வைத்தேன். ஆளுக்கு ஒரு சம்பவம். நல்ல மனிதன், தங்கமான பையன் என்றெல்லாம் வேண்டாம். நடந்தது என்ன, அவன் என்ன சொன்னான், அதை மட்டும் எழுதுங்கள்.

முதல் நாள் வந்தது எல்லாமே தங்கமான பையன்தான். செத்தவனைக் குறை சொல்லக் கூடாது என்று எல்லாருக்கும் ஒரு கூச்சம். பிறகு ஒருவன் துணிந்து எழுதினான்: 'என் காம்பஸை வாங்கியவன் திருப்பித் தரவே இல்லை, கேட்டால் எந்தக் காம்பஸ் என்றான்.' அதோடு மடை திறந்தது. நகைச்சுவை சொல்ல ஆரம்பித்தால் முடிவு வருவதற்குள் தானே சிரித்துவிடுவான், கடைசிவரை யாருக்கும் முடிவு தெரியாது. தோற்றால் பேசமாட்டான். பேச்சுப்போட்டி மேடையில் 'அவையோருக்கு வணக்கம்' என்பதற்கு மேல் ஒரு வரியும் வராமல், இன்னொரு வணக்கம் வைத்துவிட்டு இறங்கினான். படிப்பை விட்டுவிட்டுப் போன ஒரு பையன் வீட்டுக்கு ஒரு வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை போய்க் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். இதை அந்தப் பையனே எழுதும்வரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. காம்பஸ் திருடனும் அவன்தான், அந்த ஞாயிற்றுக்கிழமைக்காரனும் அவன்தான். மகன் பதினைந்து வயதில் ஏதாவது தப்புச் செய்துவிட்டு நிற்கும்போது, சுவரில் மாலை போட்ட ஒரு உத்தமர் அவனுக்கு எதற்கு உதவப்போகிறார்? காம்பஸ் திருடிய அப்பா உதவலாம்.

இதுவரை 41 சம்பவங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் இன்னொன்றும் இருந்தது. இறப்பதற்கு ஒன்பது நாள் முன்னால் அவன் அனுப்பிய குரல் செய்தி, 47 வினாடி. அடுத்த மாதம் எல்லாரும் சந்திக்கலாமா, யார் யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டிருந்தான். நான் கட்டைவிரலைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். இப்போது மறுபடி கேட்டால் பின்னால் ஒரு குட்டிக் குரல் வருகிறது: "ஆ... வலிக்குதுப்பா!" அவன் உடனே போனை விட்டு முகத்தைத் திருப்பி, "ஆடாம இருடா கண்ணு, முடிஞ்சிருச்சு" என்கிறான். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே என்னிடம் பேசியிருக்கிறான்.

அந்தச் செய்தியை முதலில் வாட்ஸ்அப்பிலிருந்து வெளியே எடுத்து மின்னஞ்சலில் ஒன்று, கணினியில் ஒன்று என்று சேமித்தேன். நீங்களும் யாருடைய குரலையாவது வாட்ஸ்அப்பில் மட்டும் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்து வையுங்கள், போன் மாற்றும்போது காணாமல் போகலாம். பிறகு அவன் மனைவிக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று மூன்று நாள் தவித்தேன். அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. தப்புச் செய்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நேற்று ராத்திரி பதில் வந்தது. "அண்ணா, பாப்பாவும் கேட்டா. அழல. அன்னைக்கு அப்பா கோணலா பின்னிவிட்டார், ஸ்கூல்ல எல்லாரும் சிரிச்சாங்கன்னு சொல்றா."

அதை 42 என்று எண் போட்டு எழுதியிருக்கிறேன்.