வாயுப் பிடிப்பு என்று சொன்னால் முதலில் ஈ.சி.ஜி.

‘வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டாக்டர்களிடம் போகாதீர்கள், எல்லாம் காசு கொடுத்து வாங்கின டிகிரி’ என்று ஒரு வாட்ஸப் குரல்பதிவு சுற்றுகிறது. எனக்கே மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் என் சித்தப்பா. நான் கிர்கிஸ்தானில் படித்தவன் என்பது அவருக்கு மறந்துபோயிருக்கும் போல.

2013-இல் பிஷ்கெக் போனேன், 2019-இல் திரும்பினேன். வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில்தான் நடக்கும், புத்தகங்களும் நல்ல புத்தகங்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்திருக்கிற பாட்டி பேசுவது கிர்கிஸ், இல்லாவிட்டால் ரஷ்யன். எங்களுக்குத் தெரிந்த ரஷ்யன் கடையில் ரொட்டி வாங்கத்தான் போதும். ஒரு கட்டிலைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நிற்போம். ஆசிரியர் பாட்டியிடம் பத்து நிமிடம் பேசுவார், எங்களுக்கு இரண்டு வரியில் ஆங்கிலத்தில் சொல்வார், குறித்துக்கொள்வோம். ஆறு வருடத்தில் ஒரு நோயாளியிடம்கூட ‘என்னம்மா பண்ணுது?’ என்று நானாக உட்கார்ந்து முழுசாகக் கேட்டதில்லை. எங்களிடம் இருக்கிற ஓட்டை அதுதான். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

திரும்பி வந்தால் எஃப்.எம்.ஜி.இ. வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராக வேலை பார்க்கத் தேற வேண்டிய தேர்வு, 2002-லிருந்து நடக்கிறது. 300 கேள்வி, 150 எடுத்தால் தேர்ச்சி, தப்புக்கு மார்க் குறைப்பு கிடையாது. அப்படியும் பல முறை ஐந்தில் ஒருவர்தான் தேறுகிறார். நான் மூன்றாவது தடவை தேறினேன். அந்த ஒன்றரை வருடம் சொந்தக்காரர் கல்யாணம் எதற்கும் அம்மா என்னைக் கூட்டிப் போகவில்லை. ‘பையன் பிராக்டீஸ் ஆரம்பிச்சிட்டானா?’ என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். ஆனாலும் தேர்வே வேண்டாம், நீக்கிவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். உயிர் சம்பந்தப்பட்ட வேலைக்கு ஒரு வடிகட்டி வேண்டும். கோச்சிங் சென்டரில் பதினான்கு மணி நேரம் கேள்வி போட்டுப் பழகித் தேறிய அன்றும் நான் ஒரு வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்றக் கையில் குத்தும் ஊசிக்குழாய், போட்டதில்லை என்பதுதான் என் கவலை.

என்னை டாக்டராக்கியது 2021-இல் செய்த சி.ஆர்.ஆர்.ஐ., அதாவது தேறிய பிறகு இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் செய்கிற கட்டாயப் பயிற்சி. முதல் வாரம் வார்டில் ஒரு சிஸ்டர் என் கையைப் பிடித்து, ‘நரம்பைக் கண்ணால தேடாதீங்க சார், விரலால தேடுங்க’ என்றார். இன்றைக்கும் ஊசியை எடுக்கும்போது அந்தக் குரல் காதில் கேட்கும்.

இரண்டாவது மாதம், கேஷுவாலிட்டி, விடியற்காலை நாலு மணி. அறுபது வயதிருக்கும் ஒரு பெரியவர் நடந்தே வந்தார். ‘வாயுப் பிடிப்புதான் தம்பி, ஒரு ஊசி போட்டு அனுப்புங்க, பால் கறக்கணும்’ என்றார். நானும் வாயு மருந்தை எழுதப் போனேன். பின்னாலிருந்து மேற்படிப்பு படிக்கிற டாக்டர், எங்களுக்கு பி.ஜி. அண்ணன், வந்தார். பெரியவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார், நெற்றியைத் தொட்டார். ‘வாயுன்னு சொல்லி வேர்த்து வர்றவங்க யாரா இருந்தாலும் முதல்ல ஈ.சி.ஜி. எடுடா’ என்றார். எடுத்தோம். மாரடைப்பு. அந்த அலைகளை பிஷ்கெக்கில் நூறு தடவை படத்தில் பார்த்திருக்கிறேன், தேர்வில் சரியாகவும் எழுதியிருக்கிறேன். ஆனால் நம்ம ஊர்க்காரர் அதை ‘வாயு’ என்று சொல்வார் என்பதை எந்தக் கேள்வித்தாளும் எனக்குச் சொல்லவில்லை. பெரியவர் பிழைத்தார்.

அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பயிற்சி வருடத்தில் யாரும் கை வைக்காதீர்கள். தேறிய பிள்ளைகள் இடம் கிடைக்காமல் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருப்பதை ஒவ்வொரு பேட்சிலும் பார்க்கிறேன். ஒரு கல்லூரியின் மொத்த இடங்களில் 7.5 சதவீதம் வரைதான் கூடுதலாக எங்களைச் சேர்க்கலாம் என்பது விதி. பயிற்சிக்குக் காசு வாங்கக் கூடாது, உதவித்தொகையும் மற்றவர்களுக்குக் கொடுப்பது போலவே கொடுக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சுற்றறிக்கை விட்டது. அதற்கு முந்தைய வருடம் நான் பயிற்சி எடுத்த இடத்தில், பெயர் வேண்டாம், எனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. கொரோனா இரண்டாம் அலையில் கவச உடைக்குள் அதே பன்னிரண்டு மணி நேரம்தான் நாங்களும் நின்றோம். தகுதியில் சந்தேகம் இருக்கிறவனுக்குத்தானே பயிற்சியைக் கூட்டிக் கொடுக்க வேண்டும்? காத்திருக்க வைத்தால் இருக்கிற கொஞ்சமும் மறந்துபோகும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ‘ஆணையம் அங்கீகரித்த காலேஜ்’ என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு அப்படி ஒரு பட்டியலே கிடையாது. 2021 நவம்பர் விதிப்படி படிப்பு 54 மாதத்துக்குக் குறையக் கூடாது, ஆங்கில வழியில் இருக்க வேண்டும், அங்கேயே 12 மாதம் பயிற்சி முடித்திருக்க வேண்டும், அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்யும் தகுதியும் வேண்டும். இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். அதோடு நான் ஒன்று சேர்த்துக்கொள்வேன்: அங்கே நோயாளியிடம் உங்கள் பிள்ளை எந்த மொழியில் பேசப்போகிறான்?

போன வாரம் எங்கள் தெரு அக்கா ஒருவர் மகனுக்காக போன் செய்தார். இந்தக் கேள்வியைத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ‘ஹாஸ்டல்ல நம்ம சாப்பாடு கிடைக்குமான்னு மட்டும்தான் தம்பி கேட்டோம்’ என்றார்.