யூகேஜி கடைசி இரண்டு மாதம்: நோட்டை மூடிவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள்

மார்ச் வந்துவிட்டால் நம் ஊர் யூகேஜி வகுப்புகளில் இரண்டு வேலைதான் நடக்கிறது. ஒன்று, ஆண்டுத் தேர்வுக்காக நோட்டு நிரப்புவது. இன்னொன்று, கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டு நடத்தும் ‘பட்டமளிப்பு விழா’வுக்கு ஒத்திகை. ஒன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு நிஜமாகத் தேவைப்படுகிறவற்றைக் கற்றுத்தரச் சரியான நேரம் இந்த இரண்டு மாதம்தான். அது இப்படிக் கரைந்துபோவது எனக்குப் பொறுக்கவில்லை.

நோட்டில் நூறு வரை எழுதியிருக்கிறது என்றால் பிள்ளைக்கு நூறு வரை தெரியும் என்று நம்பிவிடுகிறோம். அதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். பன்னிரண்டு புளியங்கொட்டையைத் தரையில் போட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் கொட்டைகளைக் கொஞ்சம் பரப்பிவிட்டு “இப்போ எத்தனை?” என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், கலைத்துப் போட்டாலும் எண்ணிக்கை மாறாது என்பது பிள்ளைக்கு இன்னும் பிடிபடவில்லை. அடுத்து “எனக்கு எட்டு எடுத்துக் கொடு” என்று கேளுங்கள். இது எண்ணுவதைவிடக் கடினம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டே எடுக்க வேண்டுமே! நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் கை நிறைய அள்ளி நீட்டுவார்கள்.

14-ஐ 41 என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் ‘ஃபோர்டீன்’ என்று நாலு முதலில் காதில் விழுகிறது, பிள்ளையும் நாலை முதலில் எழுதுகிறது. தமிழில் ‘பதினான்கு’ என்றால் பத்து முன்னால் வந்துவிடுகிறது. அதனால் ஆங்கில வழி வகுப்பாக இருந்தாலும் 11 முதல் 19 வரை தமிழிலும் சொல்லிக்கொடுங்கள். ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவையுங்கள். பதினான்கு என்றால் ஒரு கட்டு, நாலு உதிரி. இருபத்து மூன்று என்றால் இரண்டு கட்டு, மூன்று உதிரி. பத்துக் குச்சியையும் பிள்ளையே எண்ணிக் கட்ட வேண்டும். டீச்சர் கட்டிக் கொடுத்தால் அந்தக் கட்டு பிள்ளைக்கு ஒரே ஒரு பொருள்தான், பத்து இல்லை.

இனி தமிழ் எழுத்து. இங்கேதான் அவசரம் அதிகக் கெடுதல் செய்கிறது. வரிசையில் முதலில் வருகிறது என்பதற்காக அ, இ இரண்டையும் முதலில் எழுதவைக்கிறார்கள். சுழி உள்ள எழுத்துகள் அவை, இளம் விரலுக்குக் கஷ்டம். ட, ப, ம, ய என்று தொடங்கினால் கோடு நேராகக் கீழே இறங்கி வலப்பக்கம் போகிறது. ட வந்தால் ப வரும், ப வந்தால் ம வரும். இந்த நாலோடு ர, த சேர்ந்துவிட்டால் படம், மரம், தடம் எல்லாம் வாசித்துவிடலாம்.

தமிழில் எழுத்து 247. ஆண்டு முடிவதற்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உயிரும் மெய்யும் அகர வரிசையும் தெரிந்து, கா, கி, கீ வரை வந்தால் யூகேஜிக்குத் தாராளம். உகர, ஊகார வரிசையை ஒன்றாம் வகுப்புக்கு விட்டுவிடுங்கள். கு, சு, து, மு என்று வடிவம் பல விதமாக மாறுகிறது, ஒன்றைப் பார்த்து மற்ற எல்லாவற்றையும் ஊகிக்க முடியாது.

கெ, கே, கொ படும் பாடு தனி. காதில் விழுவது முதலில் ‘க்’, பிறகுதான் ‘எ’. கை எழுத வேண்டியதோ முதலில் கொம்பு, பிறகு க. அதனால்தான் டிக்டேஷனில் பிள்ளை க எழுதிவிட்டுக் கொம்பைப் பின்னால் போடுகிறது. அது கவனக்குறைவு இல்லை, காது சொன்னதைக் கை அப்படியே செய்கிறது. திட்டாதீர்கள். க-வை ஓர் அட்டையில் எழுதி நடுவில் வையுங்கள், கொம்புக்கும் துணைக்காலுக்கும் (ா) தனித்தனி அட்டை. பிள்ளையே இடத்திலும் வலத்திலும் நகர்த்திப் பார்க்கட்டும். ‘கொடி’யைக் ‘கெ… காடி’ என்று வாசிக்கிற பிள்ளைக்கு, கொம்பையும் காலையும் ஒரே வண்ணச் சாக்பீஸில் எழுதிக் காட்டினால், இரண்டும் சேர்ந்து ஓர் ஒலி என்பது கண்ணுக்குத் தெரியும். ‘கால்’ என்பதைக் ‘கரல்’ என்று வாசித்தால் கரும்பலகையில் நீங்கள் எழுதும் ர-வைப் பாருங்கள். கீழே இழுக்க வேண்டிய சாய்கோட்டை விட்டிருப்பீர்கள்.

எழுத்துக்கு முன்னால் காது பழக வேண்டும். “பந்து, முதல்ல என்ன சத்தம்?” “மரத்துல ‘ம’வை எடுத்துட்டா?” “படம்… முதல் எழுத்தை மாத்து: தடம், மடம், குடம்.” வரிசையில் நிற்கும்போதும் கை கழுவப் போகும்போதும் இதைச் செய்யலாம். நோட்டு தேவையில்லை.

கர்சிவ் எழுத்தை யூகேஜியில் திணிப்பதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். பென்சிலை முஷ்டியால் பிடித்து, தாள் கிழியும் அளவுக்கு அழுத்துகிற பிள்ளைக்கு நாலு கோடு நோட்டு தண்டனைதான். அந்தக் கைக்குக் கோதுமை மாவு பிசைவதும், துணி கிளிப்பை அழுத்தி மாட்டுவதும், மணி கோப்பதும் வேண்டும். சிலேட்டில் எழுத விரல்நுனி அளவே உள்ள சாக்பீஸ் துண்டைக் கொடுங்கள். அதை முஷ்டியால் பிடிக்க முடியாது, மூன்று விரல் தானாகச் சேரும்.

வீட்டுப்பாடம் பற்றிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னது. மத்திய அரசின் 2020 புத்தகப்பைக் கொள்கை மழலையர் வகுப்புக்குப் பையே வேண்டாம் என்கிறது. அப்படியிருக்க யூகேஜிக்கு இரண்டு பக்கம் காப்பி ரைட்டிங் வருகிறது என்றால் பள்ளியில் கேளுங்கள், தயங்காதீர்கள். கோடை விடுமுறைக்கு எழுத்துவேலை கொடுத்தாலும் அப்படியே.

டிபன் பாக்ஸைத் தானே திறந்து மூடுவது, பட்டன் கழற்றிக் கழிவறை போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவது, “மிஸ், எனக்குப் புரியல” என்று சொல்வது, அம்மா அல்லது அப்பாவின் போன் நம்பர். மே மாதம் முழுக்க இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒன்றாம் வகுப்பு டீச்சரால் ஒவ்வொருவருக்கும் பட்டன் போட்டுவிட முடியாது.

யூகேஜி டீச்சர்கள் மதிப்பெண் அட்டையோடு அரைப்பக்கம் எழுதிக் கொடுங்கள்: எந்த எழுத்துகளை வார்த்தைக்குள் பார்த்தாலும் அடையாளம் தெரிகிறது, எத்தனை பொருள்வரை எண்ணி எடுத்துக் கொடுக்கிறது, பென்சிலை எப்படிப் பிடிக்கிறது, என்ன கேட்டால் அழுகிறது. பெற்றோர்கள் அதைக் கேட்டு வாங்கி, ஜூன் முதல் வாரத்திலேயே ஒன்றாம் வகுப்பு டீச்சர் கையில் கொடுத்துவிடுங்கள்.