இங்கிதம் தெரிந்த ஒரு பிரெஞ்சுப் படம்

'லா தெலிகாதெஸ்' படத்தை நேற்று இரவு மூன்றாவது முறையாகப் பார்த்தேன். 2011-ல் வந்த பிரெஞ்சுப் படம். தாவீத் ஃபோன்கினோஸ் 2009-ல் எழுதிய தன் நாவலைத் தன் சகோதரர் ஸ்டெஃபானோடு சேர்ந்து தானே இயக்கினார். தலைப்பை 'மென்மை' என்று தமிழில் சொல்லலாம். ஆனால் படம் முடிந்தபோது எனக்குத் தோன்றிய சொல் இங்கிதம்தான்.

கதை பாரிஸில். நாயகி நத்தாலியாக வருவது 'அமெலி' படத்தில் நடித்த ஆட்ரி டாட்டூ. காபிக்கடையில் தனியாக உட்கார்ந்திருப்பவள் என்ன குடிக்கக் கேட்பாள் என்று மனசுக்குள் ஊகித்தபடியே பார்க்கிறான் பிரான்சுவா. அவள் ஆப்ரிகாட் ஜூஸ் கேட்கிறாள். காதல், கல்யாணம், எல்லாம் சீக்கிரமே நடந்துவிடுகிறது. அப்புறம் ஒரு நாள் ஓட்டப்பயிற்சிக்குப் போனவன் வண்டியில் அடிபட்டு இறந்துபோகிறான்.

இந்தத் தொடக்கப் பகுதி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எல்லாம் அளவுக்கு மீறி அழகாக இருக்கிறது. படம் உயிர்பெறுவது அதற்குப் பிறகுதான். அடுத்த சில ஆண்டுகள் நத்தாலி வேலைக்குள்ளேயே புதைந்துகொள்கிறாள். அது ஒரு ஸ்வீடன் நாட்டு நிறுவனம். மேலதிகாரி ஷார்ல் அவளை விடாமல் நெருங்கப் பார்க்கிறார். துக்கத்தில் இருப்பவளுக்குத் துணை தேவைப்படும், அந்த இடத்துக்குத் தான் பொருத்தமானவன் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். அவள் முடியாது என்று நேராகச் சொல்லிவிடுகிறாள்.

ஒரு நாள் ஏதோ கோப்போடு அறைக்குள் வருகிறான் மார்க்குஸ். ஸ்வீடன்காரன், முடி கொட்டியவன், அலுவலகத்தில் யார் கண்ணிலும் படாதவன். நத்தாலி எழுந்து வந்து அவனை முத்தமிட்டுவிடுகிறாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

அதற்குப் பிறகு அவன் நடந்துகொள்ளும் விதத்துக்காகவே இந்தப் படத்தை எல்லோரிடமும் பார்க்கச் சொல்கிறேன். அவன் அதை உரிமையாக எடுத்துக்கொள்வதில்லை. பார்த்தால் காதலித்துவிடுவோம் என்று பயந்து அவளைப் பார்க்காமலே இருக்க முயல்கிறான். சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன், ஆனால் தொண்டை அடைத்தது. அவன் தரும் பரிசு ஒரு சின்ன பெஸ் மிட்டாய் டப்பா. அவளுடைய துக்கத்தைத் தீர்த்துவைக்கிறேன் என்று அவன் ஒருமுறைகூடக் கிளம்புவதில்லை. நடிகர் பிரான்சுவா தமியென்ஸ் பெல்ஜியத்தில் மறைகேமரா குறும்புகளால் பேர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் இங்கே எவ்வளவு அடக்கி நடித்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

சுற்றியிருப்பவர்கள் கேட்கும் 'அவனா?' என்ற கேள்விதான் எனக்குக் கோபம் வரவழைத்தது. இத்தனை நாளாக அவள் மறுபடி வாழ வேண்டும் என்று விரும்பியவர்கள்தான் இவர்கள். அவள் ஒருவனைத் தேர்ந்ததும் முகம் மாறுகிறது. ஷார்ல் அவனைக் கூப்பிட்டு, இவனிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஆராய்கிறார். இழந்தவள் எத்தனை நாள் அழலாம் என்பதோடு, அழுது முடித்த பிறகு யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதையும் மற்றவர்களே முடிவு செய்கிறார்கள். எனக்கு ஒரு குறையும் உண்டு. மார்க்குஸ் அழகில்லாதவன் என்பதைப் படமே தேவைக்கு மேல் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுகிறது. அங்கே அதுவும் அந்த அலுவலகக் கூட்டத்தோடு சேர்ந்துவிடுகிறது.

இசை எமிலி சிமோன். 2009-ல் அவர் தன் துணைவரை இழந்தார். அவர் பெயரும் பிரான்சுவா. அந்தத் துயரத்திலிருந்து பிறந்த பாடல்கள்தான் இந்தப் படத்தில் ஒலிக்கின்றன. இது தெரிந்த பிறகு நேற்று அந்தக் குரலைக் கேட்டபோது இரண்டு இடங்களில் படத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசிக் காட்சி நத்தாலியின் பாட்டி வீட்டுத் தோட்டத்தில். இருவரும் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள். அவள் கண்ணை மூடி எண்ணுகிறாள், அவன் ஒளிய இடம் தேடி நடக்கிறான். நடக்கும்போது அவள் வளர்ந்த அந்த இடத்தில் ஒவ்வொரு வயதிலும் இருந்த நத்தாலியை நினைத்துப்பார்க்கிறான். சின்னப் பெண்ணாக ஓடியவள், பிரான்சுவாவைக் காதலித்தவள், அவனை இழந்து அங்கே வந்து அழுதவள். அவர்களில் ஒருத்தியைக்கூட அவன் விலக்கவில்லை. அத்தனை நத்தாலிகளுக்கும் நடுவில் போய் ஒளிந்துகொள்கிறான்.