லிங்க் வாங்கி முதல் பக்கத்துக்கு வருவதா?

காசு கொடுத்து லிங்க் (வேறு தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) வாங்கினால் கூகுளில் ‘அறுகம்குடா ஹொட்டல்’ என்ற தேடலில் முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் இருக்கிறது, தயவுசெய்து அதை நம்பி யாரும் காசைக் கரைக்க வேண்டாம். 2012இல் பென்குயின் அப்டேட் (தேடல் வரிசையில் கூகுள் செய்த மாற்றம்) வந்ததிலிருந்தே கூகுள் இந்த மாதிரி லிங்க்குகளைக் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. கீவேர்ட் மெட்டா டேக்கை (தேடல் சொற்களைப் பக்கத்தின் கோடுக்குள் மறைவாக எழுதிவைக்கும் பகுதி) பார்ப்பதில்லை என்று கூகுள்காரர்கள் 2009இலேயே சொல்லிவிட்டார்கள், அதையும் சிலர் இன்னும் விற்கிறார்கள்.

பெரிய புக்கிங் தளங்கள் வரிசையாக நிற்கிற சொல்லில் அறுகம்குடாவுக்குப் பக்கத்தில் பொத்துவிலில் நாலு அறை வைத்திருப்பவர் போய் முட்டி என்ன பயன்? அலைச்சறுக்கப் புதிதாகப் பழகுபவருக்கு எந்த இடம் தோது, மே முதல் ஒக்டோபர் வரையான சீசனில் எப்போது கூட்டம் குறைவு, கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தால் எங்கே இறங்குவது, இப்படி ஆட்கள் உண்மையிலேயே தேடுகிற கேள்விகளுக்குத் தனித்தனிப் பக்கமாக, சொந்தப் படத்தோடு எழுதி, அங்கிருந்து அறைப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். பாசிக்குடாக்காரருக்கும் இதேதான். சேர்ச் கொன்சோலில் (உங்கள் தளம் எந்தத் தேடலில் எத்தனையாம் இடத்தில் வருகிறது என்று காட்டும் கூகுள் கருவி) எட்டாம், பத்தாம் இடத்தில் நிற்கிற சொற்களைப் பார்த்து அந்தப் பக்கங்களை முதலில் திருத்துங்கள். அப்புறம் கூகுள் மெப்பில் உங்கள் இடத்தைப் பதிந்து போன் நம்பர் சரியா என்று பாருங்கள், அதற்குச் சல்லிக்காசு செலவில்லை.