எத்தனை மணி நேரத்தில் ஏறினீர்கள் என்று கேட்காதீர்கள்

பிப்ரவரி பிறந்தால் போதும், கோயம்புத்தூர்க்காரர்களின் ஸ்டேட்டஸ் முழுக்க, ஏழு மலை ஏறிச் சிவனைக் கும்பிடும் வெள்ளியங்கிரிதான். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடியோடு ஒரு படம், ஏழாவது மலையில் சூரிய உதயம் ஒன்று, கூடவே "நாலு மணி நேரம்தான்" என்று ஒரு வரி. உடனே கமெண்டில் ஒருவர் வந்து "நான் மூன்றரை" என்பார். இந்தக் கணக்கைக் கேட்டாலே எனக்கு எரிச்சலாக வருகிறது. புதிதாகப் போகிறவனுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பாதை எப்படி இருக்கிறது, சுனையில் தண்ணீர் வருகிறதா, திரும்பும்போது எங்கே வெயில் பிடிக்கும் என்பதெல்லாம்தான் அவனுக்குத் தெரிய வேண்டும்.

முதல் மலை முழுக்கக் கல்படி. படி என்றதும் சுலபம் என்று நினைக்கிறார்கள். ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது அரையடி, அதற்கடுத்தது ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். ஒரே சீராகக் கால் வைக்க வழியே இல்லை. மூச்சு இங்கேதான் முதலில் வாங்கும். உடம்பு ஒத்துழைக்காது என்று தோன்றினால் வெள்ளை விநாயகர் கோயிலோடு கும்பிட்டுத் திரும்பிவிடலாம், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. 2024 சீசனில் ஏறும் வழியிலேயே உயிரை விட்டவர்கள் பலர். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. நம் ஆட்கள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நான்காவதும் ஐந்தாவதும் ஓரளவு சமதளம், பேசிக்கொண்டே நடக்கலாம். ஆறாவதுதான் ஏமாற்றுக்கார மலை. போகும்போது ஆண்டி சுனை வரைக்கும் இறக்கம், ஆகா என்றிருக்கும். திரும்பும்போது அதே இறக்கம் ஏற்றமாகி எதிரே நிற்கும். தூக்கம் இல்லை, பாட்டிலில் தண்ணீர் இல்லை, தொடை நடுங்குகிறது, வெயிலும் ஏறிவிட்டது. அந்த நேரத்தில் அதை ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆண்டி சுனையில் குளிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், திட்டுகிறவர்கள் திட்டலாம். நம்பிக்கையோடு குளிக்கிறீர்கள், சரி. ஆனால் விடியற்காலை ஈரத்துணியோடு ஏழாவது மலைக்குக் கிளம்பாதீர்கள். அங்கே மரமே கிடையாது, வெறும் புல்வெளி. காற்று ஆளைத் தள்ளும். கீழே ஏப்ரல் வெயில் கொளுத்தும்போதும் மேலே பல் கிட்டிக்கும். மாற்றுத் துணி ஒன்றும் ஸ்வெட்டரும் பையில் இருக்கட்டும்.

அந்தப் புல் கோடையில் சருகாகக் காய்ந்திருக்கும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ வளைத்ததை நாம் மறந்திருக்க முடியாது, 23 பேர் செத்தார்கள். அப்படியிருந்தும் இங்கே உட்கார்ந்து பீடி பற்றவைக்கிறவரைப் பார்த்தால் என்ன சொல்வது? அடிவாரத்தில் பையைத் திறந்து சோதிக்கும்போது முணுமுணுப்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இறங்குவதுதான் உண்மையான பாடு. ஏறும்போது நெஞ்சு பேசும், இறங்கும்போது முட்டி பேசும். வழுக்குப்பாறையில் வெட்டியிருக்கும் படிகள் எத்தனையோ கால்கள் பட்டு மழமழவென்று ஆகிவிட்டன. கோடை மழை ஒரு தூறல் போட்டாலும் அங்கே தடி இல்லாமல் கால் வைக்க முடியாது. மழை இல்லாத நாளில் தளர்ந்த மண்ணும் சரளையும் சறுக்கிவிடும். வெறுங்காலோடு வருபவர்களுக்கு மதியக் கல்லின் சூடு வேறு. தடியை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கும் வயசாளிகளைக் கவனியுங்கள். பையன்கள் அவர்களைத் தாண்டிக் குதித்து ஓடுகிறார்கள். கொஞ்ச தூரம் தள்ளி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அந்தப் பையன்கள்தான்.

அப்புறம், "இன்னும் எவ்வளவு தூரம் சாமி?" என்று ஏறுகிறவர் கேட்டால், இறங்குகிறவர் எல்லோரும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறார்கள்: "இதோ வந்துருச்சு சாமி, பத்தே நிமிஷம்." அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதை நம்பி கடைசி வாய்த் தண்ணீரையும் குடித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். பாம்பாட்டிச் சுனையில் தண்ணீர் நூலாக வடிகிறது, வரிசை நீளம் என்று உள்ளதைச் சொன்னால் அவர் அதற்கேற்ப நடப்பார்.

ரோப் கார் வேண்டும், மேலே வரைக்கும் சிமெண்ட் படி வேண்டும் என்கிற குரல்களில் எனக்குச் சம்மதம் இல்லை. யானை நடமாடுகிற காடு அது. அடிவாரத்தில் ஒரு கரும்பலகை போதும். எந்தச் சுனையில் தண்ணீர் இருக்கிறது, நேற்று மேலே மழை பெய்ததா, யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று தினமும் சாயங்காலம் யாராவது எழுதிப்போட்டால், இரவில் ஏறுகிறவர்கள் படித்துவிட்டுப் போவார்கள்.