காற்றுக்கு ஒரு கட்டம்கூட இல்லாத அட்டவணை

அந்த அட்டவணையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக எந்த வாட்ஸப் குழுவைத் திறந்தாலும் அதுதான் வந்து நிற்கிறது. பசிபிக் கடலில் பிரெஞ்சுப் பொலினீசியாவைச் சேர்ந்த போரா போரா தீவின் நீர்மேல் பங்களா ரிசார்ட்டுகளை வரிசைப்படுத்தி, பச்சை மஞ்சள் சிவப்பு அடித்து, முதலிடத்துக்குக் கோப்பைப் படமும் ஒட்டியிருக்கிறார்கள். பதினான்கு கட்டம். சதுர அடி, குளியல் தொட்டி, தலையணை வகை, காலைச் சாப்பாடு, கண்ணாடித் தரை, காபி மெஷின். காபி மெஷினுக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். காற்றுக்கு ஒரு கட்டம் இல்லை. திசைக்கு இல்லை. காலுக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதற்கும் இல்லை. பங்களா நிற்பதே தண்ணீரில்தான் சாமி!

"ஜூலையில் போகிறவருக்கும் பிப்ரவரியில் போகிறவருக்கும் ஒரே வரிசையா?" என்று ஒரே ஒரு வரி கேட்டேன். வந்த பதில்: "எரியுதா ப்ரோ?" அதற்கு நாற்பது சிரிப்புக் குறி. சிரித்தவர்களில் பாதிப் பேர் போன மாதம் வரை என் இன்பாக்ஸில் "எந்த ரிசார்ட் போடலாம்" என்று கேட்டவர்கள். நல்லது. சிரியுங்கள். ஆனால் ஒரு இரவுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும் விஷயம் இது. ஐந்து இரவு போட்டுவிட்டு அங்கே போய் நின்று "ஏன் இப்படி அலையடிக்குது" என்று கேட்டால் காபி மெஷின் பதில் சொல்லாது.

அடிப்படையிலிருந்தே வருகிறேன். நடுவில் பிரதான தீவு, அதன் மேல் 727 மீட்டர் உயர ஒட்டெமானு மலை. அதைச் சுற்றிக் காயல். காயலுக்கு வெளியே வேலி போட்டாற்போலப் பவளப் பாறை, அதன்மேல் ஒதுங்கிய தாழ்வான திட்டுகள். மோட்டு என்பார்கள். பெருங்கடலிலிருந்து உள்ளே வர ஒரே வாய், அதுவும் மேற்குப் பக்கம். விமான நிலையமே வடக்கே ஒரு மோட்டுவில்தான் இருக்கிறது, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் போட்ட ஓடுபாதை. பெயர்பெற்ற ரிசார்ட்டுகளில் பெரும்பாலானவை பிரதான தீவில் இல்லை, ஆளுக்கொரு மோட்டுவில் இருக்கின்றன. எந்த மோட்டு, அதன் எந்தப் பக்கம், கதவைத் திறந்தால் எந்தத் திசை என்ற மூன்றையும் விட்டுவிட்டு இந்த ரிசார்ட்டுகளை ஒப்பிட முடியாது. முடியவே முடியாது. வேண்டுமானால் தலையணையை ஒப்பிடலாம்.

கிழக்குப் பக்கம் ஃபோர் சீசன்ஸ், செயின்ட் ரீஜிஸ், இன்டர்கான்டினென்டல் தலாசோ, பழைய லெ மெரிடியன் இடத்தில் 2024இல் திறந்த வெஸ்டின். நீங்கள் காலண்டரில் பார்த்த படமெல்லாம் இங்கிருந்து எடுத்ததுதான்: முன்னால் பச்சைநீலத் தண்ணீர், பின்னால் ஒட்டெமானு. காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், மலை முகமெல்லாம் வெளிச்சம். பத்து மணிக்குள் எடுக்கிற படம்தான் படம். மதியத்துக்கு மேல் சூரியன் மலைப் பக்கம் சாய்ந்துவிடும். மலை கறுத்த நிழலுருவாகிவிடும், மேற்கைப் பார்த்த உங்கள் பங்களாவின் வெளித்தளத்தில் வெயில் நேரே முகத்தில் அறையும். மூன்று மணிக்கு அங்கே உட்கார நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்காமல் பதிவு செய்தால், வாங்கிய காட்சியைத் திரைச்சீலை போட்டு மூடிக்கொண்டு ஏசியில் படுத்திருக்க வேண்டியதுதான். வடமேற்கே தெவைரோவா மோட்டுவில் லெ போரா போரா என்றொரு ரிசார்ட் இருக்கிறது. அங்கே கணக்கு தலைகீழ். மாலை வெயில்தான் மலை முகத்தில் விழும். அட்டவணையில் அதற்கு "மலை தூரம்" என்று மஞ்சள் அடித்திருக்கிறார்கள்.

கான்ராட் ரிசார்ட்டுக்கு விழுந்த சிவப்புதான் என்னால் பொறுக்க முடியாதது. "ஒட்டெமானு தெரியவில்லை." ஆமாம், பெரும்பாலான பங்களாக்களிலிருந்து தெரியாது. தென்மேற்கே தோப்புவா தீவில் மேற்கைப் பார்த்து நிற்கிறது. 2017 முதல்தான் இந்தப் பெயர், அதற்கு முன் ஹில்டன். மலை தெரியாத அதே காரணத்தால்தான் அங்கே சூரியன் தடையில்லாமல் தொடுவானத்தில் இறங்குவதைப் பார்க்கலாம். கிழக்கு மோட்டுகளில் சூரியன் மலைத்தீவின் பக்கம் போய் மறையும். இன்னொன்று, மற்ற மோட்டுகளைப் போலத் தோப்புவா தட்டையான மணல் திட்டு இல்லை, குன்று. இந்தக் குன்று எதற்கு உதவும் என்று கேட்டால் காற்றுக்கு வர வேண்டும்.

மே முதல் அக்டோபர் வரை அங்கே வறண்ட காலம், மழை குறைவு, விலை உச்சம். எல்லாரும் சொல்வது இதுவரைக்கும்தான். அதே காலத்தில், முக்கியமாக ஜூன், ஜூலை, ஆகஸ்டில், தென்கிழக்கிலிருந்து மராமு என்ற காற்று எழும்பும். எழும்பினால் நாள் கணக்கில் ஓயாது. புயல் இல்லை, மழைகூட இல்லாமல் இருக்கலாம், வானம் நீலமாகவே இருக்கும். ஆனால் கண்ணாடி மாதிரி இருந்த காயல் சுருங்கிச் சுருங்கி அலையடிக்கும், அடி மணல் கலங்கும், ஏணியில் இறங்கினால் தூண் பக்கம் தள்ளும், இரவெல்லாம் தரைக்குக் கீழே தண்ணீர் அறைகிற சத்தம். நடைபாலத்தின் கடைசியில் இருக்கும் பங்களாவுக்குத்தான் கூடுதல் விலை, தனிமைக்காக. காற்று முதலில் பிடிப்பதும் அதையேதான். கரையோரப் பங்களாவுக்குத் தென்னை மரங்களாவது கொஞ்சம் மறைப்பு தரும், பாலத்தின் முனைக்கு எதுவும் கிடையாது. தோப்புவாவின் மேற்குப் பக்கமோ குன்றை முதுகுக்கு வைத்துக்கொண்டு நிற்கிறது. தனுஷ்கோடியில் நின்று ஒரு பக்கம் சீறுகிற ஆண்கடலும் மறுபக்கம் அமைதியான பெண்கடலும் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஒரு தம்பதி. கல்யாணமாகிப் பத்தாம் ஆண்டு, ஜூலை, கிழக்கு மோட்டு, பாலத்தின் முனை, முழு மலைக்காட்சி, இருப்பதிலேயே விலை கூடிய வகை. ஐந்து நாளில் நான்கு நாள் காற்று. கணவருக்கு நீச்சல் அரைகுறை, ஏணியில் ஒருமுறை இறங்கி முழங்கால் உரசிக்கொண்டு ஏறியவர் அப்புறம் இறங்கவே இல்லை. கரைப் பக்கம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் ரிசார்ட் நிரம்பி வழிகிறது. ஊருக்குத் திரும்பி வந்து போட்ட படங்கள் எல்லாம் முதல் நாள் காலை எடுத்தவை. எழுநூறு லைக். அந்தப் படத்தைப் பார்த்து அதே பங்களா எண் கேட்டு அதே ஜூலைக்கு மூன்று குடும்பம் பதிவு செய்திருக்கிறது. அட்டவணையும் இப்படித்தான் பிறக்கிறது.

ஆழத்துக்கு வருவோம். போரா போரா இருக்கும் தஹிதி தீவுச் சுற்றுவட்டாரத்தில் கடல் ஏற்றமும் வற்றமும் விசித்திரம்: நம் கடல்களைப் போல நாளுக்கு நாள் நேரம் தள்ளிப்போகாமல், நண்பகலும் நள்ளிரவும் சுமாருக்கு ஏற்றம், காலை ஆறு மாலை ஆறு வாக்கில் வற்றம். வித்தியாசமும் ஓரடி சுமார்தான். ஆகவே காலையில் தளத்துக்குக் கீழே இடுப்பளவு தண்ணீர் இருந்தால் மத்தியானமும் ஏறக்குறைய அவ்வளவுதான். குதிக்கலாம் என்று கனவு காணாதீர்கள், கால் ஒடியும். கிழக்குப் பக்கம் பெரும்பாலும் வெளிர் மணல் அடி, அதனால்தான் அந்த நிறம். அழகுதான். மணலில் மீன் குறைவு. கண்ணாடித் தரைக்குப் பத்துக்கு ஒன்பது போட்டிருக்கிறார்களே, வெறும் மணல்மேல் போட்ட கண்ணாடி வெறும் மணலைத்தான் காட்டும். இரவில் கீழே விளக்கு இருந்தால் வெளிச்சத்துக்குக் கொஞ்சம் மீன் கூடும், அவ்வளவுதான். மீன் பார்க்க வேண்டும் என்பவர்களுக்காக ஃபோர் சீசன்ஸும் செயின்ட் ரீஜிஸும் வளாகத்துக்கு உள்ளேயே பாதுகாத்த காயல் வைத்திருக்கின்றன. நீச்சல் தெரியாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது தங்கம். அட்டவணையில் அதற்கும் கட்டம் இல்லை.

சதுர அடி என்று எடுத்தால் செயின்ட் ரீஜிஸ்தான், நீர்மேல் வில்லா சுமார் 1,500 சதுர அடி. அதில் தப்பில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஏசிக்கு எல்லா ரிசார்ட்டுக்கும் ஒரே மாதிரி "உண்டு" என்று போட்டிருப்பதற்குத்தான் சிரிப்பு வந்தது. தலாசோவில் 2006இல் இருந்து சுமார் 900 மீட்டர் ஆழத்துக் கடல்நீரைக் குழாயில் இழுத்து, அந்தக் குளிர்ச்சியில் ஏசி ஓட்டுகிறார்கள். இந்த ரிசார்ட்டுகளில் உண்மையிலேயே வித்தியாசமான ஒரு யந்திரம் என்றால் அதுதான். அதற்கு ஒரு டிக் குறி. காபிக்குப் பத்து மதிப்பெண்.

இனி வரப்போகும் கேள்விகள். "அது வெறும் ஜாலி அட்டவணை, ஏன் சீரியஸா எடுக்கறீங்க?" ஜாலி என்றால் ஜாலி என்று போடுங்கள், "முன்பதிவுக்கு முன் கட்டாயம் பாருங்கள்" என்று தலைப்பு வைக்காதீர்கள். "மாலத்தீவே போதும், பக்கத்துல இருக்கு." போய்க்கொள்ளுங்கள், அதற்கும் இந்தப் பதிவுக்கும் சம்பந்தமில்லை. "பணக்காரன் பிரச்சினை இது." இதைக் கேட்டால்தான் கொஞ்சம் வலிக்கிறது. ஏனென்றால் எனக்கு வருகிற கேள்விகள் பணக்காரர்களிடமிருந்து வருவதில்லை. நான்கு வருஷம் கிரெடிட் கார்டு பாயின்ட் சேர்த்து, ஒருமுறை போய்விட்டு வந்து சாகும் வரை அதையே சொல்லிக்கொண்டிருக்கப் போகிறவர்களிடமிருந்து வருகின்றன. பணக்காரனுக்கு அலையடித்தால் அடுத்த ரிசார்ட்டுக்குப் படகு ஏறிவிடுவான். இவர்களுக்கு இரண்டாவது தடவை கிடையாது. பாயின்ட்டில் கிடைக்கும் அறை நீர்மேல்தான் இருக்கிறதா, தோட்டத்தில் இருக்கிறதா என்றுகூட அந்த அட்டவணை சொல்லவில்லை. விமான நிலையத்திலிருந்து ரிசார்ட் படகுக்குத் தலைக்குத் தனிக் கட்டணம் என்றும் சொல்லவில்லை. இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் சாதாரண ஷெங்கன் விசாவைக் காட்டி உள்ளே போய்விட முடியாது, பொதுவாகப் பிரெஞ்சுப் பொலினீசியாவுக்குச் செல்லும் என்று தனியாகக் குறித்த விசா வேண்டும். அதையும் சொல்லவில்லை. தலையணை ஆறு வகை என்று சொல்லியிருக்கிறார்கள்.

இந்த நீர்மேல் பங்களா பிறந்த கதையே இடத்தின் கதைதான். 1967இல், பக்கத்து ராயாதெயா தீவில், பாலி ஹாய் விடுதி நடத்திய மூன்று அமெரிக்கர்கள் கட்டினார்கள். ஆடம்பரத்துக்காகக் கட்டவில்லை. அங்கே நல்ல கடற்கரை இல்லை, அதனால் அறையைத் தண்ணீருக்கே நகர்த்தினார்கள். கரை இல்லாத குறைக்குக் கண்டுபிடித்த விடையை, இன்றைக்குக் கரையிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு விலை என்று விற்கிறோம். போரா போராவில் இதைப் பிரபலமாக்கிய ஹோட்டல் போரா போரா 2008இல் மூடியது. அது இருந்தது தீவின் மிக நல்ல இடங்களில் ஒன்றான ராயிதிதி முனையில். பக்கத்திலேயே மதிரா, ஊர்க்காரர்களும் குளிக்கிற பொதுக் கடற்கரை. அந்த முனையை விட்டு எல்லாரும் மோட்டுகளுக்குப் போனார்கள். இப்போது ஐந்து நாள் தங்கி வருகிறவர்கள் தீவின் பிரதான ஊரான வைதாபேயில் கால்கூட வைக்காமல் திரும்புகிறார்கள். சரி, இது வேறு கோபம், வேறு நாள் வைத்துக்கொள்கிறேன்.

உருப்படியாக ஏதாவது சொல் என்பவர்களுக்கு. ரிசார்ட் வரைபடத்தை எடுங்கள், பங்களா எண்கள் போட்டது. செயற்கைக்கோள் படத்தை வடக்கு மேலே இருக்கும்படி பக்கத்தில் வையுங்கள். உங்கள் வகை பங்களாக்கள் எந்தப் பாலத்தில், தளம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். தண்ணீர் வெளிர்பச்சையாகத் தெரிந்தால் மணல், ஆழம் குறைவு. பழுப்புத் திட்டாக இருந்தால் பவளம், மீன் உண்டு, கால் வைக்கக்கூடாது. கருநீலம் என்றால் ஆழம், பெரும்பாலும் படகுப் பாதை, காலை ஆறரைக்கே இன்ஜின் சத்தம். படகுத்துறையிலிருந்து எவ்வளவு தூரம் என்று எண்ணுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் என்றால் பால முனையை விட்டுக் கரைக்கு அருகே கேளுங்கள், மிச்சமாகும் காசில் ஒரு நாள் படகு எடுத்துப் பவளத் தோட்டம் போங்கள். நடக்கப் பழகிய குழந்தை இருந்தால் நீர்மேலே வேண்டாம், பல தளங்களில் படி நேரே தண்ணீருக்கு இறங்கும், தடுப்பு இருக்காது. கரை வில்லா எடுங்கள். வகைப் பெயரை நம்பி இருக்காதீர்கள், "ஒட்டெமானு வியூ" என்பது படுக்கையிலிருந்தா, தளத்தின் ஓரத்தில் கழுத்தைத் திருப்பினாலா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுத்தில்.

"அப்போ எதுதான் நம்பர் ஒன்?" என்று பின்னூட்டத்தில் கேட்கப் போகிறவர்கள் முதலில் எந்த மாதம், யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும் என்று போடவும். அது இல்லாத கேள்விக்குப் பதில் போடமாட்டேன், எரியுதா என்று கேட்டாலும்.