பாராபெனை விட ஃபார்மால்டிஹைடைக் கவனியுங்கள்

ஷாம்பூ கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பாராபென் புற்றுநோய் தரும் என்று உங்கள் கட்டுரை அடித்துச் சொல்கிறது. 2004-ல் பிரிட்டனில் 20 மார்பகக் கட்டி மாதிரிகளை ஆராய்ந்தபோது பாராபென் இருந்தது உண்மைதான். ஆனால் நோயில்லாத திசுவோடு ஒப்பிடவில்லையே, அதை வைத்து எப்படி முடிவு கட்டுவது?

என் கவலை ஃபார்மால்டிஹைடு. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள். நேற்று மகளின் ஷாம்பூ பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தை செல்போனில் பெரிதாக்கிப் படித்தேன்: டிஎம்டிஎம் ஹைடன்டாயின். கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மால்டிஹைடை வெளியிடுவது அது. அலசிவிடுகிற ஷாம்பூவில் அளவு குறைவுதான், சரி. முடியை நேராக்கும் கிரீம் சிலவற்றில் சூடு வைத்ததும் ஃபார்மால்டிஹைடு புகையாகவே கிளம்பும். பார்லரில் வேலை பார்க்கும் என் தங்கை கண் எரிகிறது என்கிறாள். அவளைப் போன்ற பார்லர் ஊழியர்களைப் பற்றியும் எழுதுங்கள்.